கொசுவை விரட்டும் கை

தம்பிக்கு மருந்து வாங்க உதவி கேட்டு ஓர் அறக்கட்டளைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தேன். ‘சிகிச்சையால் எதிர்பார்க்கப்படும் பயன்’ என்ற கட்டத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. நடப்பான் என்று எழுதினால் பொய். ஆயுள் கூடும் என்று எழுத என்னிடம் ஆதாரம் இல்லை. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த தம்பியிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். “முகத்தில் உட்காருகிற கொசுவை நானே விரட்ட வேண்டும். அதை எழுது அக்கா” என்றான்.

அப்போது அவனுக்கு 27 வயது. நோய்க்குப் பெயர் தெரிந்து 17 ஆண்டுகள் ஆகியிருந்தன. எத்தனையோ மருத்துவர்கள் அவன் முழங்காலைத் தட்டிப் பார்த்திருக்கிறார்கள், இரத்தம் எடுத்திருக்கிறார்கள், எழுந்து நில் என்று சொல்லி நேரம் குறித்திருக்கிறார்கள். உனக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. நானும் அத்தனை ஆண்டுகள் கழித்து, ஒரு படிவம் கேட்டதால்தான் கேட்டேன். இதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

வடசென்னையில் இருப்பவர்களுக்குக் கொசுவைப் பற்றி விளக்கத் தேவையில்லை. எங்கள் வீடு பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறது. அவனுக்காகவே மாடியிலிருந்து தரைத்தளத்துக்கு மாறினோம். தரைத்தளம் என்றால் சாக்கடைக்கு இன்னும் பக்கம். கொசுவலை கட்டலாமே என்று எல்லோரும் சொல்வார்கள். இரவில் அவனாகப் புரண்டு படுக்க முடியாது. அம்மாதான் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்து, அவன் கூப்பிடும்போதெல்லாம் எழுந்து திருப்பிப் போடுகிறார். ஒவ்வொரு முறையும் இருட்டில் வலையை அவிழ்த்துக் கட்டினால் இருவருக்கும் இருக்கிற தூக்கமும் போய்விடும். அதனால் வலை இல்லை. கொசு கன்னத்தில் உட்கார்ந்தால் முதலில் ஊதிப் பார்ப்பான். தலையை ஆட்டிப் பார்ப்பான். பிறகு பொறுத்துக்கொள்வான். பொறுக்க முடியாமல் போகும்போது “அம்மா” என்பான்.

அவனுக்கு இருப்பது தண்டுவடத் தசைநார்ச் சிதைவு. மருத்துவமனையில் எஸ்எம்ஏ என்று மூன்றெழுத்தில் சொல்வார்கள். எஸ்எம்என்1 என்ற மரபணுவில் வரும் குறையால், தசைகளுக்குக் கட்டளை அனுப்பும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக அழிகின்றன. தாய், தந்தை இருவரும் அந்தக் குறையைச் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. எனக்கு வரவில்லை, அவனுக்கு வந்தது. அம்மா தன் தாய்மாமனைக் கட்டிக்கொண்டவர். அதைச் சொல்லிக்காட்டாத உறவினர் எங்கள் தெருவில் இல்லை. உறவே இல்லாத தம்பதியரும் இந்தக் குறையைச் சுமக்கிறார்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் அந்தப் பழி மட்டும் அம்மாவை விட்டு இறங்கவில்லை. தம்பிக்கு வந்தது மூன்றாம் வகை. 11 வயது வரை நடந்தான். இப்போது பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கணக்கு சொல்லிக்கொடுக்கிறான்.

நான் எம்.சி. ரோட்டில் ஒரு மொத்த ஜவுளிக் கடையில் 19 ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். அதனால் உயிருக்கு விலை பேசுகிறார்களே என்ற கோபம் எனக்கு எளிதில் வருவதில்லை. பணம் ஓரிடத்திலிருந்து எடுத்தால்தான் இன்னோரிடத்துக்குப் போகும். எதிர்வீட்டுப் பெரியம்மாவின் கணவருக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் நடக்கிறது. தம்பியின் மருந்து விலையைக் கேள்விப்பட்ட அன்று பெரியம்மா, “அந்தப் பணத்தில் எத்தனை பேருக்கு டயாலிசிஸ் செய்யலாம் கண்ணு?” என்று கேட்டார். பொறாமையோ குத்தலோ அதில் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன்.

மருந்தின் பெயர் ரிஸ்டிப்லாம். வாய்வழியாகத் தினமும் குடிப்பது. ஒரு புட்டியில் 60 மில்லிகிராம் இருக்கிறது. 20 கிலோவுக்கு மேல் எடை உள்ளவருக்கு நாளுக்கு 5 மில்லிகிராம் தேவை. ஆக, ஒரு புட்டி 12 நாள்; ஆண்டுக்கு 30 புட்டி. இந்தியாவில் ஒரு புட்டி சுமார் 6.2 லட்ச ரூபாய்க்கு விற்றது. முப்பதால் பெருக்கினால் ஒரு கோடியே 86 லட்சம். அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021-இல் வந்தது. 2022-இல் அதன்படி நோயாளி ஒருவருக்கான உதவி வரம்பு 50 லட்ச ரூபாயாக உயர்த்தப்பட்டது. அந்த 50 லட்சத்தில் எட்டுப் புட்டி வாங்கலாம். அதாவது 96 நாள். வாழ்நாள் முழுவதும் குடிக்க வேண்டிய மருந்துக்கு மூன்று மாதமும் ஒரு வாரமும்!

காப்புரிமை வைத்திருந்த நிறுவனம் கேட்ட தடையை 2025 அக்டோபரில் தில்லி உயர் நீதிமன்ற அமர்வும் பிறகு உச்ச நீதிமன்றமும் விதிக்க மறுத்ததால், இந்திய நிறுவனம் ஒன்று தயாரித்த அதே மருந்து, பொதுப்பெயர் மருந்தாகச் சந்தைக்கு வந்தது. அறிவிக்கப்பட்ட விலை புட்டிக்கு 15,900 ரூபாய். ஆண்டுக்கு 4 லட்சத்து 77 ஆயிரம், மாதத்துக்கு ஏறக்குறைய 40,000. என் சம்பளத்தைவிட அதிகம்தான், ஆனால் கற்பனைக்குள் அடங்குகிற தொகை. அறக்கட்டளை ஒரு பங்கு, கடை முதலாளி ஒரு பங்கு, சித்தப்பா பிள்ளைகள் ஒரு பங்கு, தம்பியின் டியூஷன் பணம், மீதி என்னுடையது. நவம்பரில் தொடங்கினோம்.

இதுவரை நான் எழுதியது பற்றுப் பக்கம். அதை எழுத எல்லோருக்கும் தெரியும், புட்டியின் மேலேயே ஒட்டியிருக்கிறது. வரவுப் பக்கத்தில் என்ன எழுதுவது, அதை எழுத வேண்டியது யார் என்பதுதான் என் மனதை விடாமல் அரிக்கிறது.

உலகின் பல நாடுகளில் இதற்கென்று அமைப்புகள் இருக்கின்றன. புதிய மருந்து அதன் விலைக்குத் தகுந்த பயன் தருகிறதா என்று பார்ப்பதை மருத்துவத் தொழில்நுட்ப மதிப்பீடு என்கிறார்கள். அவர்கள் பயன்படுத்தும் முக்கியமான அளவுகோல், தரம் சரிசெய்த வாழ்வாண்டு. முழு ஆரோக்கியத்தோடு வாழும் ஓராண்டுக்கு மதிப்பு 1. மரணத்துக்கு 0. நோயோடு வாழும் ஆண்டுகள் இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ. மருந்து எத்தனை ஆண்டுகளை, எவ்வளவு தரத்தோடு கூட்டுகிறது என்று பெருக்கி, செலவை அதனால் வகுத்தால் ஒரு தொகை கிடைக்கும். பிரிட்டனில் நைஸ் என்ற அமைப்பு பல ஆண்டுகளாக வழக்கமான மருந்துகளுக்கு அந்தத் தொகை 20,000 முதல் 30,000 பவுண்டுக்குள் இருக்க வேண்டும் என்று பார்த்துவந்தது. மிக அரிய நோய்களுக்கான தனிப் பிரிவில் 2017 முதல் அந்த வரம்பு 1,00,000 பவுண்டு. இந்தியாவிலும் மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ் 2017-இல் இதற்கான அமைப்பு தொடங்கப்பட்டது. சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில் அதற்கு ஒரு பிராந்திய மையம் இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் போய்விடலாம்.

இந்தச் சூத்திரத்தில் எனக்குச் சண்டை இல்லை. நடுவில் இருக்கும் அந்த ‘தரம்’ எங்கிருந்து வருகிறது என்பதில்தான்.

சில ஆண்டுகளுக்கு முன்பு முதுநிலை படிக்கும் மாணவி ஒருவர் ஆய்வுக்காக வீட்டுக்கு வந்தார். நல்ல பெண். செருப்பை வெளியே விட்டுவிட்டு, கட்டிலருகே தரையில் உட்கார்ந்து, தமிழில் அச்சிட்ட ஒரு படிவத்தை எடுத்தார். ஐந்தே கேள்விகள். நடமாட்டம், தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, வழக்கமான வேலைகள், வலி, கவலை. உலகம் முழுவதும் பயன்படுத்தப்படும் படிவம் அது என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஒவ்வொன்றுக்கும் சிரமம் இல்லை என்பதிலிருந்து முடியவே முடியாது என்பது வரை ஐந்து விடைகள்.

முதல் இரண்டுக்கும் முடியவே முடியாது என்றான். வழக்கமான வேலைகள் என்று வந்ததும் “சிரமம் இல்லை” என்றான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தப் பெண்ணும் தயங்கி, கேள்வியை இன்னொரு முறை படித்தார். அவன் பொறுமையாகச் சொன்னான்: “என் வழக்கமான வேலை கணக்கு சொல்லிக்கொடுப்பது. அதைத் தினமும் செய்கிறேன். அப்புறம் சிரமம் என்று எப்படிச் சொல்வேன்?” கடைசியில் வெப்பமானி போல ஒரு கோடு இருந்தது. நீங்கள் நினைத்துப் பார்க்கக்கூடிய மிக நல்ல உடல்நிலை 100, மிக மோசமானது 0. இன்று நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? தம்பி 75 என்றான்.

அன்று இரவு அவனோடு சண்டை போட்டேன். 75 என்று நீயே சொன்னால், மருந்தால் உனக்கு ஏறக்கூடியது மிஞ்சிப்போனால் 25தானே, யார் அதற்குக் கோடி ரூபாய் தருவார்கள் என்று கத்தினேன். அவன், “பாதாளத்தில் இருக்கிறேன் என்று சொன்னால்தான் மருந்து கிடைக்குமா?” என்று கேட்டான். பதில் சொல்ல வாய் வரவில்லை.

பிறகு படிக்கப் படிக்கத்தான் இந்த முடிச்சு எவ்வளவு இறுக்கமானது என்று புரிந்தது. அந்தப் படிவத்தில் வரும் விடைகளுக்கு மதிப்பெண் போடுவது பெரும்பாலும் நோய் இல்லாத பொதுமக்கள். இப்படியொரு நிலையில் பத்தாண்டு வாழ்வதற்குப் பதிலாக முழு ஆரோக்கியத்தோடு எத்தனை ஆண்டு கிடைத்தால் போதும் என்று அவர்களைக் கேட்டு, அதிலிருந்து எண்ணை எடுக்கிறார்கள். கால் அசையாத வாழ்க்கையை நினைத்துப் பார்க்கும் ஒருவர், அதை வாழ்கிறவரைவிட இருட்டாகத்தான் பார்ப்பார். மதிப்பெண் தாழ்ந்துவிட்டால் அவன் ஆயுளில் கூடும் ஓராண்டு கால் ஆண்டாகச் சுருங்கிவிடும். அவனே சொல்லும் 75-ஐ எடுத்துக்கொண்டால் மருந்துக்கு வேலையே குறைவு என்றாகிவிடும். தாழ்த்திச் சொன்னாலும் நஷ்டம், உயர்த்திச் சொன்னாலும் நஷ்டம். அமெரிக்காவில் 2010-இல் வந்த சுகாதாரச் சட்டம், இந்த அளவுகோலை வரம்பாக வைத்து மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டில் முடிவு எடுப்பதைத் தடுத்ததற்குப் பின்னால் மாற்றுத்திறனாளிகளின் இந்த அச்சம் இருக்கிறது.

மருந்துச் சோதனைகளின் அளவுகோல்களும் இப்படித்தான். ரிஸ்டிப்லாமை இரண்டாம் வகையினருக்கும், நடக்க முடியாத மூன்றாம் வகையினருக்கும் கொடுத்துப் பார்த்த சன்ஃபிஷ் ஆய்வில் 2 முதல் 25 வயது வரையுள்ள 180 பேர் இருந்தார்கள். 32 அசைவுகளைச் செய்யச் சொல்லி, நூற்றுக்கு மதிப்பெண் போட்டார்கள். ஓராண்டில் மருந்து குடித்தவர்கள் 1.36 புள்ளி ஏறினார்கள், ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத கரைசல் குடித்தவர்கள் 0.19 இறங்கினார்கள். வித்தியாசம் 1.55. நூற்றுக்கு ஒன்றரை. என் முதலாளியிடம் இப்படியொரு லாபக் கணக்கைக் காட்டினால் கடையை மூடச் சொல்லிவிடுவார்.

ஆனால் அந்த ஒன்றரை, வீட்டுக்குள் வந்தால் என்ன? கரண்டியை வாய் வரை கொண்டுபோகும் கையா? கைப்பேசியை நழுவவிடாமல் பிடிக்கும் விரலா? கடைசிப் பிள்ளை கிளம்பும் வரை தாங்கும் குரலா? இதற்கு விடை தெரிந்தவர்கள் சோதனைக்கூடத்தில் இல்லை. நல்லவேளையாக, அதே ஆய்வில் நோயாளிகளையும் பராமரிப்பவர்களையும் கேட்டு உருவாக்கிய இன்னோர் அளவுகோலும் இருந்தது. சாப்பிடுவது, பல் துலக்குவது போன்ற கைவேலைகளில் இன்னொருவர் உதவி எவ்வளவு தேவைப்படுகிறது என்று கேட்பது அது. எஸ்எம்ஏ குடும்பங்களில் பேச்சு எப்போதும் அங்கேதான் சுற்றும். வெளியிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் ‘எப்போது நடப்பான்?’ என்று கேட்பார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு நடப்பது எப்போதோ கதையாகிவிட்டது. கை போய்விடக் கூடாது என்பதே கவலை.

2015-இல் ஐரோப்பாவில் இரண்டாம், மூன்றாம் வகை எஸ்எம்ஏ உள்ள 800-க்கும் மேற்பட்டோரிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். இப்போது இருக்கும் நிலை மேலும் மோசமாகாமல் அப்படியே நின்றால் அது முன்னேற்றமா? கிட்டத்தட்ட எல்லோரும் ஆம் என்றார்கள். இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. மருந்துக்கு முன்னால் வந்து நிற்கும் கேள்வி எப்போதும் ‘என்ன கூடியது?’ என்பதுதான். இறங்குகிற ஏணியில் ஒருவன் ஒரே படியில் நிற்கிறான் என்றால் அவனுக்கு எவ்வளவு கூடியிருக்கிறது என்பதை, கூட இறங்கிக்கொண்டிருப்பவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

டுஷேன் தசைச் சிதைவு உள்ள பிள்ளைகளின் பெற்றோர் அமெரிக்காவில் இதைச் செய்தே காட்டினார்கள். 2014-இல் பெற்றோர் அமைப்பு ஒன்று, அந்த நோய்க்கான மருந்துகளை எப்படிச் சோதிக்க வேண்டும் என்ற வழிகாட்டி வரைவைத் தானே எழுதி அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் கொடுத்தது. நோயாளிகள் தரப்பிலிருந்து அப்படி ஒரு வரைவு போனது அதுவே முதல் முறை. ஆயுள் கூடாவிட்டாலும் பரவாயில்லை, தசை பலவீனமாவது நின்றாலோ மெதுவானாலோ போதும், அதற்காகக் கொஞ்சம் ஆபத்தையும் ஏற்போம் என்று பெற்றோர்கள் நினைப்பதை முறையான ஆய்வாகவே நடத்தி எண்ணில் காட்டினார்கள். ஸ்காட்லாந்தில் அதே 2014 முதல், ஆயுளின் கடைசிக் கட்டத்துக்கான மருந்துகளும் மிக அரிய நோய்களுக்கான மருந்துகளும் முதல் சுற்றில் தேறாவிட்டால் நிறுவனம் கேட்கும்போது ஒரு தனிக் கூட்டம் நடக்கிறது. நோயாளிகள் அமைப்புகளும் மருத்துவர்களும் அதில் உட்கார்ந்து, வழக்கமான கணக்கில் அகப்படாமல் போன பயன் என்ன என்று எழுதிக் கொடுக்கிறார்கள். குழு அதை எடைபோட்ட பிறகே முடிவு சொல்கிறது. எல்லா முறையும் ஆம் என்று சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்று நானும் கேட்கவில்லை.

நம் நாட்டில் நோயாளி பேசிய இடம் நீதிமன்றம். தில்லியில் ரிக்‌ஷா இழுக்கும் ஒருவர், கோஷே என்ற அரிய மரபணு நோய் உள்ள தன் மகனுக்காக வழக்குப் போட்டு 2014-இல் தீர்ப்பு வாங்கினார். அதற்குப் பின் எத்தனையோ பெற்றோர். தேசியக் கொள்கை வந்ததிலும், உதவி வரம்பு உயர்ந்ததிலும், விலை இறங்கியதிலும் வழக்காடிய குடும்பங்களின் பங்கு பெரிது. அவர்களை நான் கும்பிடுகிறேன். ஆனால் நீதிமன்றத்தில் கேட்கப்படும் கேள்வி வேறு. அங்கே ‘இவருக்கு மருந்து உண்டா, இல்லையா’ என்றுதான் வழக்கு. இந்த மருந்து எதைத் தர வேண்டும், எதைத் தந்தால் போதும், எது கிடைக்காவிட்டால் நிறுத்திவிடலாம் என்று நிதானமாகப் பேச அங்கே நேரமும் இல்லை, அது அதற்கான இடமும் இல்லை.

ஒருமுறை அரிய நோய் தினத்தன்று, அதாவது பிப்ரவரி கடைசி நாளில், நகரத்தில் நடந்த ஒரு கூட்டத்துக்கு எங்களை அழைத்திருந்தார்கள். சக்கர நாற்காலிகளை எல்லாம் மேடைக்குப் பக்கவாட்டில் வரிசையாக நிறுத்தினார்கள். குத்துவிளக்கு, வரவேற்பு, மூன்று உரைகள். பிறகு ஒவ்வொரு குடும்பமும் இரண்டு நிமிடம் தங்கள் கதையைச் சொல்லலாம் என்றார்கள். எனக்கு முன்னால் பேசிய தாய் அழுதார், கூட்டமே அழுதது. புகைப்படம் எடுத்தார்கள். என் முறை வந்தபோது நான், சோதனைகளில் கையை அளக்கிற கேள்விகள் போதவில்லை, இரவில் பராமரிப்பவர் எத்தனை முறை எழுந்திருக்கிறார் என்பதையும் சேர்க்க வேண்டும் என்று தொடங்கினேன். ஒரு நிமிடத்தில் ஒலிவாங்கியை இதமாக வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அந்தப் பிற்பகலில் எங்களிடமிருந்து எதிர்பார்த்தது கண்ணீர். கணக்கை யாரும் எதிர்பார்க்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அந்த அழுத தாய் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தன் மகளுக்கு எந்த மருந்து தேவை, எது வேண்டாம், ஏன் என்று அரை மணி நேரம் பேசினார். மேடையில் பேசியிருக்க வேண்டிய பேச்சு அது. அதைக் கேட்டவள் நான் ஒருத்திதான்.

நோயாளியைக் கேட்டால் எல்லோரும் எல்லா மருந்தும் வேண்டும் என்பார்கள் என்று ஓர் அச்சம் இருக்கிறது. என் அனுபவம் அப்படி இல்லை. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்டபோது, தம்பியை சக்கர நாற்காலியோடு நிலையத்துக்குக் கூட்டிப்போனோம். மின்தூக்கியில் ஏறி, பெட்டிக்குள் தடுக்காமல் உருண்டு போனான். யாரும் அவனைத் தூக்கவில்லை. பதினோரு வயதுக்குப் பிறகு யாரும் தூக்காமல் அவன் போன முதல் பயணம் அது. மருந்து இல்லாவிட்டால் எது வேண்டும் என்று ஒரு நாள் கேட்டபோது, சில புட்டிகளின் விலையில் வரும் மோட்டார் சக்கர நாற்காலியும் வாசலில் ஒரு சாய்தளமும் என்றான். மருந்து இருந்தாலும் அவை வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டான். கேட்டால் பற்றுப் பக்கம் பெருகிவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன்.

எனக்கே உள்ள அச்சம் வேறு. யார் பேசுவார்கள்? ஆங்கிலம் தெரிந்த, விடுப்பு எடுக்க முடிந்த, விமானத்தில் தில்லி போய்வரக்கூடிய குடும்பங்கள்தான் பேசும். காசிமேட்டில் மீன் ஏலத்துக்கு விடியற்காலை எழுந்து போகும் தாய் பேச மாட்டார். இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. பல நாடுகளில் நோயாளிகள் அமைப்புகளுக்கு மருந்து நிறுவனங்களே நிதி தருகின்றன. அந்தப் பணத்தில் நடக்கும் அமைப்பு அந்த நிறுவனத்தின் மருந்தைப் பற்றிச் சொல்லும்போது, யார் பணம், எவ்வளவு என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும். மருந்தே இல்லாத நோய்களுக்கு அமைப்பும் இருக்காது, குரலும் இருக்காது. அவர்கள் பங்கைப் பேச ஒரு நாற்காலி காலியாகவாவது இருக்க வேண்டும்.

ஆகவே கேட்கும் விதம் முக்கியம். சோதனை முடிந்து விலையும் வந்த பிறகு கேட்பது, சமையல் முடிந்த பிறகு உப்பு எவ்வளவு என்று கேட்பது போல. எதை அளக்கப் போகிறோம் என்று முடிவுசெய்யும்போதே கேட்க வேண்டும். தமிழில் கேட்க வேண்டும், வீட்டுக்கு வந்து கேட்க வேண்டும். வந்துபோகச் செய்தால் ஆட்டோ கூலியோடு அன்றைய கூலியும் கொடுக்க வேண்டும். ஒரே ஒருவரை உட்காரவைத்துவிட்டு நோயாளிகளின் பிரதிநிதி என்று சொல்லக் கூடாது. பத்து மருத்துவர்களுக்கு நடுவில் தனியாக உட்காரும் ஒருவருக்குத் தொண்டை வற்றிவிடும். நோயாளியையும் பராமரிப்பவரையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். எங்கள் வீட்டிலேயே அம்மாவின் பட்டியல் வேறு, தம்பியின் பட்டியல் வேறு. அம்மா தன் தூக்கத்தைப் பட்டியலில் சேர்க்கவே மாட்டார். அவருக்குப் பதிலாக நான்தான் சேர்க்க வேண்டியிருக்கிறது. கடைசியாக, சொன்னது என்ன ஆயிற்று என்று திரும்பி வந்து சொல்ல வேண்டும். அந்த மாணவியின் ஆய்வு என்ன ஆயிற்று என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

மருந்தோடு வரும் செலவுகளிலும் எங்களைக் கேட்டால்தான் தெரிவது உண்டு. கரைத்த மருந்தைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும், ஆனால் உறையக் கூடாது. மருந்து தொடங்கிய மழைக்காலத்தில் ஓர் இரவு தெருவில் தண்ணீர் ஏறி மின்சாரம் போனது. விடியும் வரை பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுத் தம்பி முழங்கால் தண்ணீரில் காசிமேட்டுக்குப் போய், மீனுக்குப் போடும் ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தான். ஒரு பெரிய பாத்திரத்தில் ஐஸைப் போட்டு, மேலே தட்டு வைத்து, துணி விரித்து, அதன்மேல் புட்டியை நிறுத்தினோம். அறையே மீன் வாசம். 15,900 ரூபாய் மருந்துக்கு அம்மா பகல் முழுவதும் விசிறிக்கொண்டு காவல் இருந்தார்.

நான் ஒரு சிட்டா வைத்திருக்கிறேன். 2023-இல் ஒரு மருத்துவப் பரிசோதனையின்போது எப்படி இருக்கிறான் என்று மருத்துவர் கேட்க, அம்மா “அப்படியேதான் இருக்கிறான்” என்றார். அப்படியே இல்லை என்று எனக்குத் தெரியும், சொல்ல ஆதாரம் இல்லை. அன்று கடையிலிருந்து ஒரு நீளக் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிவந்து, இரவில் அவன் அம்மாவை எத்தனை முறை கூப்பிடுகிறான் என்று எழுதத் தொடங்கினேன். விழித்திருந்தால் நான் எழுதுவேன், இல்லாவிட்டால் காலையில் அவன் சொல்வான். 2023-இல் பெரும்பாலும் நான்கு. 2024-இல் ஐந்து. 2025 அக்டோபரில் ஆறு. ஒரு வீட்டுக் குறிப்பேட்டை வைத்து எந்த மருந்தையும் மதிப்பிட முடியாது, தெரியும். இதுபோல ஐந்நூறு வீட்டுச் சிட்டாக்கள் சேத்துப்பட்டு மேசையில் இருந்தால் எப்படி இருக்கும் என்று மட்டும் நினைத்துக்கொள்வேன்.

மருந்து தொடங்கி ஏழு மாதம் ஆகிறது. கொசுவை அவனால் இன்னும் விரட்ட முடியவில்லை. கை தலையணையிலிருந்து கொஞ்சம் எழும்பி, தாடை வரை வந்து விழுகிறது. முன்பு தாடை வரை வந்ததா என்று கேட்டால், அதை நாங்கள் அளந்து வைக்கவில்லை. இப்போது சிட்டாவில் அதற்கும் கோடு கிழித்து ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன்.

நேற்று இரவு: அழைப்பு ஆறு. அதில் கொசுவுக்காக இரண்டு.